பெற்றோல் எந்தப் பக்கம் வழிகிறது: ஒரு படகுக் காபரேற்றரை மாற்றிய கதை

படகை வாங்கி முதல் மாதம் முழுக்க அந்த எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பின உடனே பற்றிக்கொள்ளும். கரும்புகை இல்லை, இருமல் இல்லை. 19 அடி ஃபைபர் படகு. பின்பக்கம் பெட்டி மாதிரி மூடிக்குள்ளே ஜெனரல் மோட்டர்ஸின் 3.0 லீற்றர் நாலு சிலிண்டர் எஞ்சின், அதன் தலையில், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றர். காற்று இறங்கும் குழாயைத் தொண்டை என்போம், இதில் இரண்டு தொண்டை. ஒன்ராறியோ ஏரிகளில் எந்தப் படகுத்துறையில் எட்டிப் பார்த்தாலும் இந்த எஞ்சின் ஒன்றிரண்டு நிற்கும். நான் சிம்கோ ஏரியில் விடுகிறேன். ஸ்காபரோவிலிருந்து இழுத்துக்கொண்டு போக ஒரு மணித்தியாலம் ஆகும்.

ஒரே ஒரு விஷயம். எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் கழிந்ததும் பெற்றோல் மணம் வரும். மனைவி இரண்டு தரம் சொன்னார். "படகெண்டால் மணக்கும்தானே" என்று விட்டுவிட்டேன். அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையில் வளர்ந்தவன். பெற்றோலில் ஸ்டாட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற அவுட்போர்ட் மோட்டர்கள்தான் எங்களுக்குத் தெரியும். காபரேற்றர் சொட்டும், குழாய் கசியும், கையைத் துடைத்த துணியே எரிபொருளில் ஊறிக் கிடக்கும். மணம் இல்லாத வள்ளத்தை நான் சின்ன வயதில் கண்டதில்லை. ஆனால் அந்த மோட்டர் வள்ளத்தின் பின்தட்டில், திறந்த வெளியில் தொங்குகிறது. சொட்டியதைக் கடற்காற்று கொண்டுபோய்விடும். இங்கே எஞ்சின் ஒரு பெட்டிக்குள்ளே இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தவர் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அண்ணை. ஊரில் வள்ள மோட்டர், இங்கே வந்து கார் என்று முப்பது வருடம் கராஜில் நின்றவர். ஒரு ஞாயிறு எங்களோடு ஏரிக்கு வந்தார். கரை சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்து நான் திரும்ப ஸ்டாட் பண்ணப் போக, கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, சாவியில கை வையாதை. உது சும்மா மணக்கிற மணமில்லை, உள்ளுக்க தேங்கி நிக்குது. முதல்ல மூடியைத் திற."

மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. அரை மணித்தியாலம் திறந்தபடியே விட்டு, பெட்டிக்குள் இருக்கிற ஆவியை வெளியே இழுக்கிற விசிறியான புளோவரையும் ஓடவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினோம்.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரம். அதனால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி வழிந்து படகின் அடிவயிற்றில், நாங்கள் பில்ஜ் என்று சொல்கிற குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றோடு 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், ஏறக்குறைய 7.6 சதவீதம் வரைக்கும் பிடிக்கும். அன்றிரவு நான் கடதாசியில் ஒரு கணக்குப் போட்டேன். என் எஞ்சின் பெட்டியில் எஞ்சின் போக மிச்சம் சுமார் 500 லீற்றர் வெளி. அதில் 1.4 சதவீதம் என்றால் 7 லீற்றர் ஆவி. ஒரு லீற்றர் பெற்றோல் முழுதாக ஆவியானால் கிட்டத்தட்ட 180 லீற்றர் வரும். அப்படியானால் தேவைப்படுவது சுமார் 40 மில்லிலீற்றர். தேத்தண்ணிக் கோப்பையில் கால்வாசி. இந்தக் கணக்குக்குப் பிறகு நித்திரை வரவில்லை.

முதலில் நான் தேடியது பிழையான இடத்தில். தாங்கிக்குப் பெற்றோல் ஊற்றுகிற பெரிய ரப்பர் குழாய் வெடித்துக் கிடந்தது, அதுதான் கள்ளன் என்று முடிவுகட்டி, ஒரு சனிக்கிழமை முழுக்க வளைந்து நெளிந்து மாற்றினேன். மாற்ற வேண்டிய குழாய்தான், அதில் வருத்தமில்லை. மணம் மட்டும் போகவில்லை.

அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தேன். ஓடும்போது மணம் இல்லை, நிறுத்திய உடனேயும் இல்லை. கால் மணித்தியாலம், இருபது நிமிடம் கழித்துத்தான் வருகிறது. வீட்டு வாசலில் தோட்டக் குழாயில் தண்ணீர் கொடுத்து எஞ்சினை வடிவாகச் சூடாக்கி, நிறுத்தி, காபரேற்றரைச் சுற்றி வெள்ளைக் கடதாசித் துண்டுகளைச் செருகிவிட்டுக் காத்திருந்தேன். ஓடுகிற எஞ்சினைத் தண்ணீர் குளிர்த்துக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் தண்ணீரும் நின்றுவிடும், இரும்பில் இருக்கிற சூடு மெல்ல மேலே ஏறும். காபரேற்றர்க் கிண்ணத்தில் நிற்கிற பெற்றோல் பொங்கத் தொடங்கும். இருபதாவது நிமிடம் இரண்டு இடத்தில் கடதாசி நனைந்தது. ஒன்று, தொண்டைக்குள் இருக்கிற காற்றுக் கதவைத் திருப்புகிற திரொட்டில் தண்டு, காபரேற்றர் உடலை விட்டு வெளியே வருகிற இடம். மற்றது, கிண்ணத்தின் மூடியில் இருந்த ஒரு சின்ன மூடி வால்வு. அங்கே மூக்கை வைக்கத் தேவையே இருக்கவில்லை.

அந்தச் சின்ன வால்வைப் பார்த்ததும் அண்ணை சிரித்தார். "உது கார்ச் சாமான்."

காபரேற்றர்க் கிண்ணத்துக்கு மூச்சு விட ஒரு துவாரம் வேண்டும். உள்ளே காற்றழுத்தம் இல்லாவிட்டால் பெற்றோல் ஜெட் வழியாக இறங்காது. பழைய கார்க் காபரேற்றர்கள் பலவற்றில், ஆக்சிலரேற்றரை விட்டதும் திறந்துகொண்டு கிண்ணத்தின் ஆவியை வெளியே விடுகிற ஒரு வால்வு இருக்கும். காரில் அது நல்ல யோசனை. சூட்டில் கிளம்பும் ஆவி தொண்டைக்குள் போய் எஞ்சினை மூச்சடைக்கச் செய்யாமல் வெளியே போய்விடும், கீழே தெருவும் காற்றும் இருக்கின்றன. படகில் அந்த "வெளியே" என்பது மூடிய எஞ்சின் பெட்டி. அங்கேதான் ஸ்டாட்டரும் ஓல்ட்டனேற்றரும் டிஸ்ட்ரிபியூட்டரும் பொறி தட்டிக்கொண்டிருக்கின்றன.

படகுக்கென்று செய்த காபரேற்றரில் கிண்ணத்தின் மூச்சுக்குழாய் தொண்டையின் வாய்க்கே வந்து திறக்கும். சிலதில் குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆவியோ நிரம்பி வழிகிற பெற்றோலோ அதன் வழியாகத் தொண்டைக்குள்தான் விழ வேண்டும். திரொட்டில் தண்டிலும் வெட்டு வைத்திருப்பார்கள், தண்டோடு ஊர்ந்து வரும் பெற்றோல் வெளியே சொட்டாமல் திரும்ப உள்ளே போவதற்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாமான்தான். ஒரே வார்ப்பு, ஒரே நாலு ஆணித் துளை. விலைதான் மூன்று மடங்கு. எனக்கு முன் படகை வைத்திருந்தவர் ஏன் காருடையதைப் போட்டார் என்று கேட்கத் தேவையில்லை.

இதற்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு அளவே உண்டு. கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்க வேண்டிய மிதவை வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டு, எஞ்சின் பற்றாமல் சுற்றிக்கொண்டிருந்தாலும், காபரேற்றரிலிருந்து 30 செக்கனுக்கு 5 கன சென்ரிமீற்றருக்கு மேல் வெளியே கசியக் கூடாது. கசிவை முழுதாக நிறுத்த முடியாது, வழிந்தால் எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்று தீர்மானிக்கலாம் என்பதுதான் அந்த விதியை எழுதியவர்கள் யோசித்த விதம் என்று எனக்குப் படுகிறது.

அடுத்து எரிபொருள் பம்பைப் பார்த்தோம். அதுவும் கார்ப் பம்ப். அதன் வயிற்றில் ஒரு சின்னத் துளை. உள்ளே பெற்றோலைத் தள்ளுகிற சவ்வு, அதாவது டயபிரம், கிழிந்தால் பெற்றோல் அந்தத் துளையால் தெருவில் சொட்டும், சாரதிக்குத் தெரியும். படகுப் பம்பில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு டயபிரம். நடுவே உள்ள வெளியிலிருந்து ஒரு கண்ணாடி மாதிரித் தெளிந்த குழாய் கிளம்பிக் காபரேற்றரின் வாய்க்குப் போகும். முதல் டயபிரம் கிழிந்தால் பெற்றோல் அந்தக் குழாயில் ஏறித் தொண்டைக்குள் போகும். குழாயில் பெற்றோல் நிறம் தெரிந்தால் பம்ப் முடிந்தது என்று அர்த்தம். என் எஞ்சினில் அந்தக் குழாயே கிடையாது.

பாவித்த படகுக் காபரேற்றர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பம்ப் புதிதாகவே வாங்கினேன், அதில் மிச்சம் பிடிக்க மனம் வரவில்லை. காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, கேஸ்கட், மிதவை தூக்கி மூடுகிற ஊசி வால்வு, ஆக்சிலரேற்றர்ப் பம்ப் எல்லாம் கிட்டில் இருந்ததைப் போட்டேன். பித்தளை மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சலசலத்தால் எங்கோ ஊசித்துளை இருக்கிறது, பெற்றோல் புகுந்து பாரமாகிவிட்டது, மட்டம் எப்போதும் கூடுதலாகவே நிற்கும். என்னுடையது சத்தம் போடவில்லை. சந்தேகத்துக்குச் சுடுதண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்றும் பார்த்தேன். மிதவை உயரத்தைக் கிட்டோடு வந்த தாளில் போட்டிருந்த அளவுக்கு வைத்தேன். கண்ணளவில் வைக்கிற சாமான் இல்லை அது.

பூட்டுவதற்கு முன் எனக்கு ஒரு ஆசை. இரண்டு காபரேற்றரும் மேசையில் இருக்கின்றனவே, வழியவிட்டுப் பார்த்தால் என்ன? பெற்றோலை வைத்து இதைச் செய்யக் கூடாது. அது −40 பாகையிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கிற திரவம். பெயின்ற் பிரஷ் கழுவுகிற வார்சோல் எடுத்தேன், அதுவும் வெளியே முற்றத்தில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கராஜுக்குள் தண்ணீர்ச் சூடாக்கியின் சுடர் எரிந்துகொண்டே இருக்கிறது என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு போத்தலை ஒரு மீற்றர் உயரத்தில் கட்டி, குழாயைக் காபரேற்றரில் மாட்டினேன். இவ்வளவு உயரம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும். பம்ப் கொடுப்பது 3 முதல் 7 வரை. ஆகவே இது மெதுவான பரீட்சைதான். ஊசி வால்வைக் கழற்றிவிட்டு, அடுக்களையிலிருந்து எடுத்த கேக் தட்டின் மேல் காபரேற்றரை வைத்தேன். தட்டைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

முதலில் இரண்டும் ஒரே மாதிரித்தான் நடந்தன. கிண்ணம் நிரம்பியதும் தொண்டை நடுவே இருக்கிற குழலால் சொட்டத் தொடங்கியது. கொஞ்சம் பொறுக்க வித்தியாசம் தெரிந்தது. அந்தக் குழலால் போகிற அளவைவிட வருகிற அளவு கூடியபோது, கார்க் காபரேற்றரில் அந்தச் சின்ன மூடி வால்வால் வார்சோல் எட்டிப் பார்த்து, வெளிச்சுவரால் வழிந்து தட்டில் குட்டையாக நின்றது. படகுக் காபரேற்றரில் மட்டம் மூச்சுக்குழாய் வரை ஏறி, குழாய் வாயால் தொண்டைக்குள்ளே கொட்டியது. கீழ்ப்பக்கத் துளையால் தாராளமாக ஒழுகியது. வெளிச்சுவர் காய்ந்தே இருந்தது. தண்டு முனையில் மட்டும் விரலால் தொட்டால் ஈரம். நானும் அண்ணையும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பூட்டுகிற வேலை அரை நாள். பற்றரி வயரைக் கழற்றி, எரிபொருள் வால்வை மூடி, புளோவரை வேறொரு பற்றரியில் வெளியிலிருந்து ஓடவிட்டு வேலையைத் தொடங்கினேன். பம்பிலிருந்து காபரேற்றருக்குப் போகிற உலோகக் குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பனரால் திருகினால் முனை மழுங்கிவிடும், அதற்கென்று இருக்கிற பிளெயர் நட் ஸ்பனர் வேண்டும். நான் மழுங்கவைத்துவிட்டுத்தான் போய் வாங்கினேன். காபரேற்றர் உட்காருகிற மனிபோல்ட் வாயில் துணியை அடைத்தீர்களானால் துணியை எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு தரம் பாருங்கள். நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கமாக இறுக்கினால் அடித்தட்டு வளைந்து, காற்று களவாகப் புகும்.

கையோடு மற்றவற்றையும் பார்த்தோம். ஸ்டாட்டரும் ஓல்ட்டனேற்றரும் எஸ்ஏஈ ஜே1171 என்ற அடையாளத்தோடு இருந்தன, அதாவது உள்ளே தட்டுகிற பொறி வெளி ஆவியைப் பற்றவைக்காதபடி மூடியவை. அந்த அளவுக்கு என் அதிர்ஷ்டம். எரிபொருள் குழாய்களில் ஒன்றில் ஏ1 என்ற எழுத்து இல்லை. ஏ1 என்பது நெருப்பில் இரண்டரை நிமிடம் தாக்குப்பிடிக்கிற குழாய். மாற்றினேன். புளோவரின் உறிஞ்சு குழாய் எங்கோ மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே படுத்திருக்கிற ஆவியை மேலே இருந்து உறிஞ்சி என்ன பயன்? பில்ஜ் தண்ணீருக்குச் சற்று மேலே வரும்படி இறக்கிக் கட்டினேன்.

காபரேற்றரின் வாயை மூடுகிற ஃபிளேம் அரெஸ்டரையும் வார்சோலில் கழுவினேன். பார்க்கக் காற்று வடி மாதிரி இருந்தாலும் வேலை வேறு. எஞ்சின் பின்வாங்கி வெடித்தால் தொண்டையால் கிளம்புகிற சுவாலை அந்த உலோக அடுக்குகளுக்குள் நுழைந்து, சூட்டை அவற்றிடம் கொடுத்துவிட்டு அணைந்துபோகும். 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளருக்குச் செய்த விளக்கின் கம்பிவலையும் இதே வேலையைத்தான் செய்தது. அமெரிக்காவில் 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு பூட்டிய பெற்றோல் எஞ்சின்களுக்கு, அவுட்போர்ட் தவிர, இது கட்டாயம். வழிகிற பெற்றோல் எல்லாம் தொண்டைக்குத்தான் வரும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அந்த வாயில் கார் வடியை வைப்பதில் அர்த்தமில்லை.

கொயிலுக்குப் போகும் ஊதா வயரைக் கழற்றிவிட்டு, பொறியில்லாமல் எஞ்சினைச் சுற்றவிட்டுக் கிண்ணத்தை நிரப்பினோம். ஒவ்வொரு இணைப்பையும் கடதாசியால் துடைத்துப் பார்த்தோம். காய்ந்திருந்தது. வயரை மாட்டி, நாலு நிமிடம் புளோவர் ஓடவிட்டு ஸ்டாட் பண்ணினேன். இந்த நாலு நிமிடம் என் கற்பனையல்ல, கனடாவில் ஒவ்வொரு முறையும் ஸ்டாட் பண்ணுவதற்கு முன் ஓடவிட வேண்டிய நேரம். வாங்கிய நாளிலிருந்து நான் அதை அரை நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தேன். இப்போது மகன் கைபேசியில் நேரம் பிடிக்கிறான், ஒரு செக்கன் விட்டுத்தரமாட்டான்.

உண்மையைச் சொன்னால் எஞ்சின் முன்னையைவிட நன்றாக ஓடவில்லை. சூடாக நிறுத்தி அரை மணித்தியாலத்தில் திரும்ப ஸ்டாட் பண்ணினால் கொஞ்சம் அழும். கிண்ணத்திலிருந்து பொங்கிய ஆவி தொண்டைக்குள் நிற்கிறதே. திரொட்டிலைக் கொஞ்சம் திறந்துவைத்துச் சுற்றினால் இரண்டு இருமலோடு பற்றும். முன்பு சாவி போட்டதும் பற்றியதன் காரணம் அப்போதுதான் உறைத்தது. அந்த ஆவியெல்லாம் எங்கள் காலடியில் போய் இருந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் ஏரி நடுவே எஞ்சின் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் பெட்டிக்குள் மணம் மிகக் குறைவு. பம்பின் தெளிந்த குழாய் காய்ந்திருந்தது, ஆகவே பம்ப் இல்லை. ஃபிளேம் அரெஸ்டரைக் கழற்றி எட்டிப் பார்த்தேன். தொண்டை நனைந்து, குழலால் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. புதுக் குழாய் பூட்டியபோது உள்ளே விழுந்த ரப்பர்த் தூள் ஒன்று ஊசி வால்வின் இருக்கையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். மேசையில் வார்சோலோடு பார்த்த அதே காட்சி. பில்ஜைக் கடதாசியால் துடைத்துப் பார்த்தேன், வெறும் ஏரித் தண்ணீர். பக்கத்தால் போன ஒருவர் எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரையில் விட்டார்.

தொண்டைக்குள் விழுந்த பெற்றோல் காணாமல் போவதில்லை, இதை நான் பிறகுதான் படித்தேன். சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களால் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் கோலை இழுத்து மணந்தால் பெற்றோல், மட்டமும் கூடி நின்றது. அப்படியே ஓடவிட்டிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஒயிலும் ஃபில்ட்டரும் மாற்றி, ஊசி வால்வையும் இருக்கையையும் துடைத்துப் பூட்டினேன். தாங்கிக்கும் பம்புக்கும் நடுவே இருக்கிற எரிபொருள் ஃபில்ட்டரையும் மாற்றினேன், அது முதல் நாளே செய்திருக்க வேண்டியது. செலவு எண்பது டொலருக்குள், ஒரு வார இறுதியும் போனது.

பழைய கார்க் காபரேற்றரை விற்க மனம் வரவில்லை, இன்னொரு படகில் போய் ஏறிவிடும் என்று பயம். அண்ணை வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் அதே குடும்பத்துக் காபரேற்றர் பூட்டிய பழைய பிக்கப் ஒன்று பின்வளவில் நின்றது. கழுவி அதில் ஏற்றினார். போன கிழமை அதிலே வந்து வாசலில் நிறுத்தி, பொனற்றைத் திறந்து காட்டினார். அந்தச் சின்ன மூடி வால்வு திறந்தபடி, ஆவியைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது.